ரீல்ஸில் 40,000 பார்வை, கச்சேரிக்கு 15 பேர்

இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் உங்கள் பாட்டுக்கு 40,000 பார்வை கிடைத்தும், பெங்களூரு இந்திராநகரில் நடந்த கச்சேரிக்கு 15 பேர்தான் வந்தார்கள் என்கிறீர்கள். அடுத்த ரீல் இருக்கட்டும். இந்திராநகர் கச்சேரிக்கு வந்த அந்த 15 பேரின் நம்பரை எப்படியாவது வாங்குங்கள். பெங்களூருவில் உங்கள் ரசிகர்கள் இப்போதைக்கு அவர்கள்தான், அது சின்ன விஷயமே இல்லை.

40,000 பார்வை கிடைத்தும் கூட்டம் வராததற்குப் பெரும்பாலும் ஊர்தான் காரணமாக இருக்கும். தமிழ்ப் பாட்டு என்பதால் பார்ப்பவர்களில் பாதிக்கு மேல் சென்னை, கோவைப் பக்கம் இருக்கலாம்.

சோதித்துப் பாருங்கள்:

1. இன்ஸ்டாகிராமின் புள்ளிவிவரப் பக்கமான இன்சைட்ஸில் ஊர்வாரிக் கணக்கு இருக்கும். உங்கள் பாட்டு ஸ்பாட்டிஃபையில் இருந்தால், கலைஞர்களுக்கான ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸிலும் உண்டு.

2. அந்தப் பட்டியலில் பெங்களூரு கீழே கிடந்தால் அடுத்த கச்சேரியைச் சென்னையில் வையுங்கள். மேலே இருந்தால் இடமும் நேரமும்தான் கோளாறு. எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறவர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலைத் தாண்டி இந்திராநகர் வருவது லேசான காரியமா? ஞாயிற்றுக்கிழமை அல்சூர் பக்கம் முயன்று பாருங்கள். அங்கே தமிழ்க் குடும்பங்களும் அதிகம்.

வாங்கிய நம்பர்களுக்கு அடுத்த கச்சேரியைப் பற்றிச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை: பலருக்கு ஒரே நேரத்தில் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸாப் பிராட்காஸ்ட் செய்தி, உங்கள் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். நம்பர் வாங்கும்போதே உங்களுடையதையும் சேமிக்கச் சொல்லிவிடுங்கள். அப்புறம், தினமும் செய்தி அனுப்பாதீர்கள், பிளாக் செய்துவிடுவார்கள்.