தொமோயேவின் பழைய கதை எங்கே?

‘காமிசாமா ஹாஜிமேமாஷிதா’ என்ற ஜப்பானிய அனிமே தொடரின் இரண்டாம் சீசனில் அதைத் தேடுகிறீர்களா? அதில் கிடையாது. நரி ஆவியான தொமோயேவின் 500 வருடத்துக்கு முந்தைய கதை, 2015-16இல் மங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) புத்தகங்களோடு டிவிடியாக வந்த தனி நான்கு பகுதிகளில் இருக்கிறது. டிவியில் வராததால் நீங்கள் பார்க்கும் எபிசோட் பட்டியலில் விடுபட்டிருக்கலாம்.

‘காகோ-ஹென்’ (கடந்தகாலப் பகுதி) என்று தேடிப் பாருங்கள். தொமோயேவின் உடம்பில் சாபக்குறி பரவி, கதாநாயகி நானாமி அவனுக்காகக் காலத்தில் பின்னோக்கிப் போனால், சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள்.

அப்புறம் ஒன்று: இந்த நான்குக்கும் பிறகு 2016 டிசம்பரில் தனியாக வந்த கடைசிப் பகுதியை முதலில் தொடாதீர்கள், முடிவு தெரிந்துவிடும். தொடரின் ஆரம்பத்தில், நாய்க்குப் பயந்து மரமேறிய மிகாகே என்ற கோயில் தெய்வத்தை நானாமி காப்பாற்றினாளே, தனக்கே வீடில்லாத நிலையில்! அதே மனசுதான் இந்த நான்கிலும். எனக்கு மொத்தத் தொடரிலும் பிடித்தது இவைதான்.