தெர்மாகோல் சூரியனும் மொட்டைமாடிக் குச்சியும்

வணக்கம் சார்,

மதுரையிலிருந்து எழுதுகிறேன். என் மகள் எட்டாம் வகுப்பு. போன மாதம் பள்ளியில் அறிவியல் கண்காட்சி நடந்தது. இரண்டு ராத்திரி கண்விழித்து தெர்மாகோல் பந்துகளுக்கு வண்ணமடித்து, கம்பியில் கோத்து, நடுவில் பல்பு வைத்து, பழைய சிடியில் சனிக்கு வளையம் வெட்டி, சூரியக் குடும்பம் செய்து கொடுத்தோம். நடுவராக வந்தவர், "இது மாதிரிதானே, இதில் சோதனை எங்கே?" என்று கேட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். பிள்ளை வீட்டுக்கு வந்து அழுதாள். கிரகத்தைப் பிடித்துவந்து சோதனைக்குழாயில் போட முடியுமா? எட்டாவது படிக்கிற பிள்ளை இதில் என்ன சோதனை செய்ய முடியும்?

இன்னொரு சந்தேகமும் உண்டு. சார்ட்டில் "பூமி சூரியனுக்கு அருகில் வரும்போது கோடை, விலகும்போது குளிர்காலம்" என்று எழுதியிருந்தோம். ஆஸ்திரேலியாவில் இருக்கும் என் நாத்தனார் போட்டோவைப் பார்த்துவிட்டு, "அண்ணி, இங்கே டிசம்பர்தானே கோடை?" என்றாள். அப்போதிலிருந்து எனக்கே குழப்பம்.

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் மகளிடம் சொல்லுங்கள், நடுவர் கேட்டது நல்ல கேள்வி. கேட்டவர் ஐந்து நிமிடம் நின்று பேசியிருக்க வேண்டும், அதுதான் எனக்கு வருத்தம். மாதிரி என்பது நமக்கு ஏற்கெனவே தெரிந்ததைக் காட்டுவது. செவ்வாயையும் வியாழனையும் இடம் மாற்றிக் கோத்திருந்தாலும் அந்தக் கம்பி மறுத்திருக்காது. சோதனை என்றால் எதிரில் ஒன்று இருந்து, "நீ நினைத்தது தப்பு" என்று சொல்ல வாய்ப்பு இருக்க வேண்டும். வானத்தைத் தொட முடியாதுதான், ஆனால் அதனிடம் கேள்வி கேட்கலாம், பதிலும் வாங்கலாம்.

அப்படிப் பார்த்தால் உங்கள் சார்ட்டிலேயே மிக உருப்படியான வரி அந்தத் தப்பான வரிதான். அருகில் வந்தால் கோடை என்பது தெளிவான கருதுகோள், தோற்கக்கூடியது. உங்கள் நாத்தனார் போனில் சொன்ன ஒரு வாக்கியம் அதைத் தோற்கடித்தும் விட்டது. யோசித்துப் பாருங்கள். டிசம்பரில் ஒரே நாளில் நீங்கள் மார்கழிக் குளிரில் இருக்கிறீர்கள், அவர் வெயிலில் இருக்கிறார். இருவரும் ஒரே பூமியில்தான் நிற்கிறீர்கள், சூரியன் இருவருக்கும் ஏறத்தாழ ஒரே தூரம். இரண்டு இடத்துக்கும் பொதுவாக இருக்கிற ஒன்று, இரண்டுக்கும் நடுவிலுள்ள வேறுபாட்டுக்குக் காரணமாக இருக்க முடியாது. ஆய்வகத்தில் ஒன்றை மட்டும் மாற்றி மற்றதையெல்லாம் அப்படியே வைக்கிறோமே, அதே வேலையை இங்கே பூமியே செய்து கொடுத்திருக்கிறது.

தூரம் மாறுகிறதா என்றால், மாறத்தான் செய்கிறது. ஜனவரி முதல் வாரத்தில் சூரியன் நமக்கு மிக அருகில், சுமார் 14 கோடியே 71 லட்சம் கிலோமீட்டர். ஜூலை முதல் வாரத்தில் மிகத் தொலைவில், சுமார் 15 கோடியே 21 லட்சம். அதாவது நாம் போர்வை தேடுகிற மாதத்தில்தான் சூரியன் பக்கத்தில் இருக்கிறது! ஆனால் நான் சொன்னேன் என்பதற்காக உங்கள் மகள் இதை நம்ப வேண்டாம், அவளே அளந்து பார்க்கட்டும்.

ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியைக் கறுப்புக் காகிதத்தால் மூடி, நடுவில் 5 மில்லிமீட்டர் ஓட்டை போடுங்கள். வெயிலில் வைத்து, அந்த ஒளியை இருட்டான அறையின் சுவருக்குத் திருப்புங்கள். கண்ணாடிக்கும் சுவருக்கும் 10 மீட்டர் இருந்தால் சுவரில் ஒன்பது சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக ஒரு வட்டம் விழும். அது ஓட்டையின் வடிவம் இல்லை, சூரியனின் பிம்பம். ஓட்டையைச் சதுரமாக வெட்டினாலும் வட்டமாகவே விழும், அதையும் செய்து பார்க்கச் சொல்லுங்கள். (சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது. கண்ணாடி ஒளி யார் கண்ணிலும் படக் கூடாது. இந்த இரண்டிலும் விளையாட்டு வேண்டாம்.) ஜனவரியில் ஒருமுறை, ஜூலையில் ஒருமுறை வட்டத்தின் குறுக்களவை எடுக்க வேண்டும். சூரியன் ஜனவரியில்தான் அருகில் என்றால் ஜனவரி வட்டம் சுமார் 3 மில்லிமீட்டர் பெரிதாக இருக்கும், தொலைவில் என்றால் சிறிதாக இருக்கும். அளப்பதற்கு முன்பே எது வரும் என்று நோட்டில் தேதி போட்டு எழுதிவிட வேண்டும், இதை மட்டும் விடவே கூடாது. அளந்த பிறகு எழுதினால் மனசு தானாகவே சரிசெய்துகொள்ளும், எல்லா மனசும் அப்படித்தான்.

3 மில்லிமீட்டர் என்பது கஷ்டமான அளவு. பிம்பத்தின் விளிம்பு மங்கலாக இருக்கும். தூரம் அளக்கும்போது டேப் பத்து சென்டிமீட்டர் பிசகினால் வட்டம் ஒரு மில்லிமீட்டர் மாறிவிடும், ஒளி சுவரில் சாய்ந்து விழுந்தால் வட்டம் முட்டையாகிவிடும். அதனால் அதே ஓட்டை, அதே கண்ணாடி, அதே சுவர், தரையில் பெயின்ட்டில் குறி. பத்துத் தடவை அளந்து பத்தையும் எழுதுங்கள். அந்தப் பத்து எண்களும் தங்களுக்குள்ளேயே 4 மில்லிமீட்டர் முன்னே பின்னே இருந்தால், 3 மில்லிமீட்டர் வித்தியாசத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது, இன்னும் கவனமாக அளக்க வேண்டும் என்று அர்த்தம். பள்ளியில் செய்முறைத் தேர்வில் நாமெல்லாம் "சரியான விடை" வரும்படி எண்களை எழுதிப் பழகிவிட்டோம். அறிவியல் கல்வியில் எனக்கு மிகப் பெரிய கோபம் இதன் மேல்தான். கோணலாக வந்த எண்ணை அடிக்காமல் வைத்துக்கொள்ளும் பிள்ளைக்கு முழு மதிப்பெண் கொடுக்க வேண்டும்.

சரி, தூரம் காரணமில்லை என்றால் வேறு எது? இதற்கு மொட்டைமாடியில் ஒரு குச்சி போதும். சரியாக ஒரு மீட்டர் உயரத்துக்கு நேரான கம்போ பைப்போ. கொத்தனாரிடம் தூக்குக்குண்டும் ரசமட்டமும் ஒருநாள் கடன் வாங்கி, குச்சி செங்குத்தாக நிற்கிறதா, தரை மட்டமா என்று பாருங்கள். மதுரையில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தின் பன்னிரண்டு மணிக்கு இல்லை. நவம்பர் தொடக்கத்தில் 12.01 வாக்கில், பிப்ரவரி நடுவில் 12.32 வாக்கில் என்று வருடம் முழுக்க நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால் 11.50 முதல் 12.45 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். மிகக் குறுகிய நிழல் எதுவோ அதுதான் அன்றைய உச்சிப்பொழுது.

டிசம்பர் 21 வாக்கில் அந்த நிழல் வடக்கே சுமார் 66 சென்டிமீட்டர் நீளும். அப்புறம் வாராவாரம் குறைந்துகொண்டே வந்து, ஏப்ரல் 16 ஒட்டி, அதாவது சித்திரை பிறந்த இரண்டு மூன்று நாளில், காணாமல் போகும். சூரியன் நேர் உச்சியில். நிழலில்லா நாள் என்கிறோமே, அதுதான். அதற்கப்புறம் நடப்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். நிழல் தெற்குப் பக்கம் வளர ஆரம்பித்து, ஜூன் 21 வாக்கில் தெற்கே 24 சென்டிமீட்டர் இருக்கும். இந்த இரண்டு நிழல்களையும் நோட்டில் அளவு சுருக்கி முக்கோணமாக வரைந்து, குச்சியின் உச்சியில் உள்ள கோணத்தைக் கோணமானியால் பார்க்கச் சொல்லுங்கள். டிசம்பருக்குச் சுமார் 33.3 டிகிரி, ஜூனுக்கு 13.5 கிடைக்கும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 23.4. பூமியின் அச்சு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பாடப்புத்தகத்தில் போட்டிருக்கும் எண் அதுதான்! கழித்துப் பாதியாக்கினால் 9.9, அது மதுரையின் அட்சரேகை. மாடியை விட்டு இறங்காமல் ஒரு பெண் பூமியின் சாய்வை அளந்துவிட்டாள். எனக்கு இதை எழுதும்போதே சிலிர்க்கிறது.

சாய்வுதான் பருவங்களுக்குக் காரணம். சூரியன் தலைக்கு மேலே இருந்தால் வெயில் ஓரிடத்தில் குவிகிறது, சரிந்திருந்தால் அதே வெயில் அதிக நிலத்தில் பரவிக் குறைகிறது, பகல் நேரமும் குறைகிறது. வடக்குப் பாதி சூரியன் பக்கம் சாய்ந்திருக்கும்போது தெற்குப் பாதி விலகியிருக்கும், அதனால்தான் உங்களுக்கும் நாத்தனாருக்கும் பருவம் தலைகீழ்.

இதோடு முடித்துவிடலாம், ஆனால் உங்கள் மகள் குச்சியைத் தொடர்ந்து கவனித்தால் ஒரு சிக்கலைக் கண்டுபிடிப்பாள். ஆகஸ்ட் 27 வாக்கில் மதுரையில் மறுபடியும் நிழலில்லா நாள் வரும். சாய்வு மட்டும்தான் காரணம் என்றால் ஆகஸ்ட் கடைசியும் சித்திரை மாதிரியே கொதிக்க வேண்டும். அப்படிக் கொதிப்பதில்லை. மேகம், மாலை மழை, காற்று என்று வேறு விஷயங்களும் சேர்ந்துகொள்கின்றன. ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டால் எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது.

இதில் பெரியவர்களே தடுமாறியிருக்கிறார்கள். 1781-ல் ஹெர்ஷல் கண்டுபிடித்த யுரேனஸ், கணக்குப் போட்ட பாதையில் போகவில்லை. வெளியே இன்னொரு கிரகம் இருந்து இழுக்கிறது என்று பிரான்சில் லெவெரியே கணக்குப் போட்டு, எங்கே பார்க்க வேண்டும் என்று பெர்லினுக்குக் கடிதம் எழுதினார். கடிதம் கிடைத்த அன்று ராத்திரியே, 1846 செப்டம்பர் 23, அங்கிருந்த வானியலாளர் காலே தொலைநோக்கியைத் திருப்பினார். சொன்ன இடத்திலிருந்து ஒரு டிகிரிக்குள் நெப்டியூன் இருந்தது. அப்புறம் அதே லெவெரியே புதனின் பாதையிலும் ஒரு பிசகைக் கண்டார். இன்றைய கணக்கில் அது ஒரு டிகிரியை 3600 கூறாக்கினால் அதில் 43 கூறு, அதுவும் நூறு வருடத்துக்கு. இதற்கும் அதே விடையைக் கொடுத்தார். சூரியனுக்குப் பக்கத்தில் இன்னொரு கிரகம் இருக்கும் என்றார், வல்கன் என்று பெயரும் வைத்தாயிற்று. பார்த்ததாகச் சொன்னவர்களும் இருந்தார்கள். கிரகணம் கிரகணமாகத் தேடியும் அது உறுதியாகவில்லை. 1915 நவம்பரில் ஐன்ஸ்டைன் ஈர்ப்பு விசையைப் பற்றிய புதிய கோட்பாட்டிலிருந்து அந்த 43-ஐ வரவழைத்தார், வல்கனுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. அதே மனிதர், அதே முறை, அதே கணக்குத் திறமை. முதல் தடவை வானம் ஆம் என்றது, இரண்டாம் தடவை இல்லை என்றது. அவர் பெரிய மேதை என்பதை வானம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் மகள் எட்டாம் வகுப்பு என்பதையும் எடுத்துக்கொள்ளாது.

கொடைக்கானல் உங்களுக்கு அதிக தூரமில்லை. அங்கே சூரிய ஆய்வகத்தில் நூறு வருடத்துக்கு மேலாகச் சூரியனைப் படமெடுத்துச் சேர்த்திருக்கிறார்கள், மேகம் விட்ட நாளெல்லாம். லீவில் ஒருமுறை கூட்டிப்போங்கள். தினமும் ஒரே வேலையைச் சலிக்காமல் செய்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவளுக்கு அங்கே புரியும்.

தெர்மாகோல் சூரியனைத் தூக்கிப் போட வேண்டாம், கூடத்திலேயே தொங்கட்டும். டிசம்பர் 21-க்கு இன்னும் நாள் இருக்கிறது. குச்சியை நட்டு, முதல் நிழலை அளந்ததும் நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அடித்தல் திருத்தல் எல்லாம் அப்படியே இருக்கட்டும். 66 வரவில்லை என்றால் வந்த எண்ணையே அனுப்பட்டும், ஏன் வரவில்லை என்று நாங்கள் இருவரும் பேசிக்கொள்கிறோம்.

அன்புடன்.