இசை, பேச்சு, நாடகப் போட்டி விழாக்கள்: வாசகர் கேள்வி பதில்

மகளுக்கு 9 வயது. கர்நாடக சங்கீதமும் பியானோவும் படிக்கிறாள். எங்கள் ஊர் விழாவில் சேர்க்கச் சொல்கிறார் பியானோ ஆசிரியை. அது என்ன விழா? அங்கே கீர்த்தனை பாட விடுவார்களா? (ஒரு தாய், ஹாரோ)

பாட்டு, வாத்தியம், கவிதை, நாடகம் என்று பிரிவு பிரிவாக மேடையேறி, நடுவரிடம் மதிப்பெண்ணும் கருத்தும் பெறும் போட்டி விழா இது. 1885இல் மேரி வேக்ஃபீல்ட் என்ற பாடகி, இங்கிலாந்தின் கெண்டல் பகுதியில் பாட்டுக் குழுக்களைப் போட்டிக்கு அழைத்தார். அந்த வழக்கம் ஊர் ஊராகப் பரவியது. 1921இல் இவ்விழாக்களுக்கென்று ஒரு கூட்டமைப்பும் வந்தது. நடத்துபவர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊர்த் தொண்டர்களே. அதனால்தான் கடைசித் தேதி தாண்டிய விண்ணப்பத்தை ஏற்க மாட்டார்கள். மாலை நேரங்களில் வீட்டில் உட்கார்ந்து அட்டவணை போடுபவருக்கு, நடுவில் ஒரு பெயரைச் செருகினால் அந்த நாள் முழுவதையும் மாற்ற வேண்டிவரும்.

கீர்த்தனைக்கு வருவோம். முதலில் விழாவின் சிலபஸை (போட்டிப் பிரிவுகளும் விதிகளும் அடங்கிய கையேட்டை) வாங்கி, பாடலை நாமே தேர்ந்தெடுக்கும் பிரிவோ நாட்டுப்பாடல் பிரிவோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பணம் கட்டும் முன் அந்தப் பிரிவின் செயலாளருக்கு எழுதிக் கேளுங்கள். வயதை எந்தத் தேதிக்குக் கணக்கிடுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். இது விழாவுக்கு விழா மாறும்.

அடுத்தது நேரம். நான்கு நிமிடம் என்றால் நான்கே நிமிடம். நிமிடத்துக்கு 60 அட்சரம் (தாள எண்ணிக்கை) என்ற வேகத்தில், 8 அட்சரம் கொண்ட ஆதி தாள ஆவர்த்தனம், அதாவது தாளச் சுற்று, ஒன்றுக்கு 8 விநாடி ஆகும். ஆக மொத்தம் 30 ஆவர்த்தனம்தான் கிடைக்கும். ஆலாபனை, நிரவல், கல்பனாஸ்வரம் போன்ற கற்பனை விரிவுகள் எதற்கும் இடமில்லை. பல்லவி, அனுபல்லவி, சரணம் மூன்றுக்கும் ஆவர்த்தனங்களை எண்ணிப் பார்த்துச் சங்கதிகளை (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடுவதை) குறையுங்கள். மணி அடித்து நடுவில் நிறுத்தப்படுவது குழந்தைக்குப் பெரிய அடி.

பாடலின் பொருளை ஆங்கிலத்தில் ஐந்தாறு வரியில் எழுதி நடுவரிடம் கொடுங்கள். சுருதிப் பெட்டி வைத்துக்கொள்ளலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது, இந்த மேடைகளில் பொதுவாக மைக் இருக்காது. மைக்கை உதட்டருகே வைத்துப் பாடிப் பழகிய பிள்ளைகளின் குரல் மூன்றாவது வரிசையோடு நின்றுவிடும். நம் பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். ஒரு மாதம் முன்பிருந்தே, பெரிய கூடத்தின் கடைசி நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்து கேட்டுப் பழக்குங்கள்.

மகன் கவிதை சொன்னான். 84 மதிப்பெண்தான், பரிசில்லை. தமிழ்ப் பேச்சுப் போட்டிகளில் எப்போதும் முதலிடம் வாங்குபவன்! (ஒரு தந்தை, க்ராய்டன்)

84 நல்ல மதிப்பெண். பெரும்பாலான விழாக்களில் 75க்குக் கீழே போடுவது அபூர்வம். 87 முதல் 89 வரை உயர் சிறப்பு. 90க்கு மேல் எளிதில் கிடைக்காது.

கவிதை சொல்வதற்கும் மேடைப் பேச்சுக்கும் இலக்கணம் வேறு. அவை வணக்கம் கிடையாது, கடைசியில் நன்றியும் கிடையாது. தலைப்பு, கவிஞர் பெயர், இரண்டு விநாடி மௌனம், பிறகு கவிதை. கையை உயர்த்துவது, விரலை நீட்டுவது, குரலை அதிர விடுவது எல்லாம் மதிப்பெண்ணைக் குறைக்கும். நாடகப் பிரிவு தனியாக இருப்பதால், கவிதையைக் குரலாலேயே காட்டும்படி எதிர்பார்க்கிறார்கள். வரி முடியும் இடத்திலெல்லாம் குரலைக் கீழே போடுவது இன்னொரு வழக்கமான தவறு. வாக்கியம் அடுத்த வரிக்கு ஓடினால் குரலும் கூடவே ஓட வேண்டும்.

நடுவரின் குறிப்புத் தாளை எடுத்துப் பாருங்கள். பிள்ளை பேசும்போதே, சில நிமிடங்களில் எழுதியது அது. முதல் வரிகள் பாராட்டாக இருக்கும். 'அடுத்து இதைச் செய்து பார்' என்று கீழே எழுதியிருக்கும் வரிதான் நீங்கள் கட்டிய கட்டணத்துக்கான பலன். அதை ஆசிரியரிடம் காட்டுங்கள். பிரிவு முடிவில் நடுவர் வாயால் சொல்வது தாளில் இருக்காது. ஒருவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

நகலெடுத்த இசைத்தாளைப் பார்த்து வாசிக்கக் கூடாது என்று என் பெண்ணிடம் சொல்லிவிட்டார்கள். மொசார்ட்டுக்கு இன்னுமா காப்புரிமை? (லெஸ்டர்)

மொசார்ட்டுக்கு இல்லை. பிரிட்டனில் படைப்பாளி இறந்து 70 ஆண்டு வரை காப்புரிமை உண்டு. ஆனால் பதிப்பகம் அச்சிட்ட பக்க அமைப்புக்குத் தனியாக 25 ஆண்டு உரிமை இருக்கிறது. ஆகவே புதிய பதிப்பை நகலெடுப்பதும் மீறலே. அச்சுப் புத்தகத்தையே கொண்டுபோங்கள். இணையத்தில் விலைக்கு வாங்கி அச்செடுத்ததென்றால் ரசீது கையில் இருக்கட்டும்.

வயலின் பிரிவில், முன்பின் பார்க்காத இசைத்தாளைப் பார்த்து வாசிக்கச் சொல்வார்களாமே? (ஈஸ்ட் ஹாம்)

சில பிரிவுகளில் உண்டு. டப்ளினில் 1897 முதல் நடக்கும் ஃபெஷ் கியோல் விழாவில், 1904இல் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ் டெனர் (ஆண்களின் உச்சக் குரல்) போட்டிக்கு வந்தார், நன்றாகப் பாடினார். இந்தச் சோதனை வந்ததும் மேடையை விட்டு இறங்கிவிட்டார். கிடைத்தது வெண்கலப் பதக்கம்தான். எனவே இறங்காதீர்கள். கொடுக்கும் அரை நிமிடத்தில் சுருதிக் குறி, தாளக் குறி, இருப்பதிலேயே வேகமான இடம் மூன்றையும் பாருங்கள். அந்த வேகமான இடத்தை எந்தக் காலப்பிரமாணத்தில் வாசிக்க முடியுமோ அதில் தொடங்குங்கள். தப்பினால் திரும்பப் போகாமல் மேலே செல்லுங்கள்.

எனக்கு இசை தெரியாது. விழாவுக்கு உதவ முடியுமா? (டூட்டிங்)

தாராளமாக. வாசலில் நிற்கலாம்: ஒருவர் வாசிக்கும்போது கதவைத் திறக்காமல், இடைவெளியில் மட்டும் ஆட்களை விட வேண்டும். நடுவர் பக்கத்தில் உட்கார்ந்து, தாள்களை வரிசைப்படி எடுத்துக்கொடுத்து, அவர் எழுதி முடித்ததும் மணி அடிக்கலாம்.

அட்டவணை போடும் வேலை வந்தால் இந்தக் கணக்கு உதவும். ஒரு பிரிவில் 12 பேர். பாட 3 நிமிடம், மேடையேறி இறங்க 1, நடுவர் எழுத 2. 72 நிமிடம் ஆயிற்று. கருத்துரைக்கும் சான்றிதழுக்கும் 15. ஆக 87. இதை 60 என்று போட்டுவிட்டால், காலையில் மூன்று பிரிவு முடிவதற்குள் 81 நிமிடம் தாமதமாகி, பிள்ளைகள் பசியோடு மேடையேறுவார்கள்.

சான்றிதழில் பெயர் எழுதக் கேட்டால் கட்டாயம் ஒப்புக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். நம் பிள்ளைகளின் நீண்ட பெயர்களைப் பிரிவு தொடங்கும் முன்பே அறிவிப்பாளருக்கு ஒருமுறை சொல்லிக்காட்டுங்கள்.