மருத்துவர் பதில்கள்: மார்பகப் பெரிதாக்க அறுவைக்குப் பின்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில், இம்ப்ளான்ட் (சிலிகான் ஜெல் அல்லது உப்புநீர் நிரப்பிய செயற்கைப் பை) பொருத்தி மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் எழுதியவற்றை மட்டும் தேர்ந்தெடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். எழுதியவர்கள் எவருடைய பெயரும் இங்கே வெளியிடப்படவில்லை.

*டாக்டர், தசைக்கு அடியில் சிலிகான் இம்ப்ளான்ட் பொருத்தி 12 நாட்கள் ஆகின்றன. இரண்டு மார்பகங்களும் கழுத்தெலும்புப் பக்கமாகத் தூக்கிக்கொண்டு கல் போல் நிற்கின்றன. இடப்பக்கம் பெரிதாகத் தெரிகிறது. குனிந்தால் உள்ளே நீர் குலுங்கும் சத்தம் கேட்கிறது. காலையில் மார்பில் யாரோ ஏறி உட்கார்ந்திருப்பது போல் இறுக்கம். கண்ணாடியைப் பார்த்தாலே அழுகை வருகிறது. தவறு செய்துவிட்டேனா?*

நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொன்றும் இரண்டாம் வாரத்தில் சாதாரணமாகக் காணப்படுவதுதான் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இத்தனை காலம் விலா எலும்போடு படிந்து கிடந்த மார்புத் தசையின் அடியில் இப்போது ஒரு பொருள் நுழைந்திருப்பதால், அந்தத் தசை விறைத்துக்கொண்டு இம்ப்ளான்ட்டை மேல்நோக்கி நெருக்கிப் பிடித்திருக்கிறது. வீக்கமும் சேர்ந்துகொள்வதால் மேற்பகுதி புடைத்தும் கீழ்ப்பகுதி தட்டையாகவும் தெரிகிறது. தசை தளர்ந்து, கீழ்ப்பகுதித் தோல் நெகிழ்ந்து இடம் கொடுத்த பிறகுதான் இம்ப்ளான்ட் தன் இடத்துக்கு இறங்கி அமரும். இதற்குப் பெரும்பாலோருக்கு 3 முதல் 6 மாதங்கள் பிடிக்கும். இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் இறங்குவதும் இல்லை. அறுவைக்கு முன்பும் உங்கள் மார்பகங்கள் இரண்டும் ஒரே அளவில் இருந்திருக்காது. எவருக்குமே அப்படி இருப்பதில்லை. அன்று நீங்கள் இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை.

குலுங்கும் சத்தம், அறுவையின்போது இம்ப்ளான்ட்டுக்காக உண்டாக்கிய இடைவெளிக்குள் தங்கிவிட்ட காற்றும் சிறிதளவு நீரும் அசைவதால் எழுவது. உடல் அவற்றை உறிஞ்சிக்கொண்டதும் சில வாரங்களில் அது நின்றுவிடும். காலை நேரத்து இறுக்கத்துக்குக் காரணம் இரவு முழுவதும் அசையாமல் இருந்த தசை. எழுந்து பத்து நிமிடம் மெதுவாக நடந்தால் குறையும். மல்லாந்து, மேலுடம்பை 30 முதல் 45 பாகை வரை உயர்த்திப் படுங்கள். எழும்போது கைகளை ஊன்றி உந்தாதீர்கள். உதவ வருபவர் உங்கள் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, முதுகுக்குப் பின்னால் கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டும். இந்தச் சின்ன வேறுபாட்டில் எவ்வளவு வலி மிச்சமாகிறது என்பதை ஒருமுறை செய்து பார்த்தவர்கள் மறப்பதில்லை.

அழுகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வலி, தூக்கமின்மை, வலி மாத்திரையின் மந்தம், இன்னும் பழகாத ஓர் உருவம் ஆகிய அனைத்தும் ஒரே நேரத்தில் சேர்ந்து அழுத்தும்போது மனம் தளர்வது இயல்பு. அந்தத் தளர்ச்சியைக் கொண்டு உங்கள் முடிவு சரியா தவறா என்று தீர்மானித்துவிடாதீர்கள். தினமும் கண்ணாடி முன் நிற்பதை விட்டு, வாரம் ஒருமுறை ஒரே இடத்தில் ஒரே வெளிச்சத்தில் ஒரு புகைப்படம் எடுத்து வையுங்கள். அன்றாடம் தெரியாத மாற்றம், ஆறாவது படத்தை முதல் படத்தின் அருகே வைக்கும்போது தெரியும். வாரங்கள் கடந்தும் மனச்சோர்வு விலகவில்லையென்றால் அதற்கும் மருத்துவ உதவி தேவை, கூச்சப்படாமல் கேளுங்கள்.

நேரம் காலம் பாராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகளும் உண்டு. ஒரு மார்பகம் மட்டும் சில மணி நேரத்துக்குள் வீங்கி, இறுகி, வலி கூடினால் உள்ளே இரத்தம் கட்டுகிறது என்று கருத வேண்டும். இது முதல் ஓரிரு நாட்களில்தான் அதிகம் நேர்கிறது என்றாலும் பின்னரும் நேரலாம். 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும் காய்ச்சல், தையலைச் சுற்றிப் பரவும் சிவப்பு, சீழ் ஆகியவை நோய்த்தொற்றின் அறிகுறிகள். ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல் ஆகியவை இரத்தக் கட்டியால் வரக்கூடியவை.

*வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. எப்போது தூக்கலாம்? வேலைக்குப் போவது, கார் ஓட்டுவது?*

அந்த வயதுக் குழந்தை பத்து கிலோவுக்கு மேல் இருக்கும். உங்களுக்கோ முதல் சில வாரங்களில் 2, 3 கிலோவுக்கு மேல் எதையும் தூக்க அனுமதியில்லை. பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் கழித்து, உங்கள் அறுவை மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் குழந்தையைத் தூக்க வேண்டும். அதுவரை நீங்கள் தாழ்வான இருக்கையில் அமர்ந்துகொண்டு, குழந்தை தானாக ஏறி மடிக்கு வரும்படி பழக்குங்கள். மார்பில் மோதாமல் இருக்க இடையில் ஒரு சிறு தலையணையை வைத்துக்கொள்ளுங்கள். அழும் குழந்தையைக் கண்டதும் தாயின் கைகள் யோசிக்காமல் நீளும் என்பதால், முதல் இரண்டு வாரமாவது வீட்டில் இன்னொரு பெரியவர் இருப்பது கட்டாயம் என்றே நான் சொல்வேன்.

உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஒரு வாரம், பத்து நாளில் பலர் திரும்பிவிடுகிறார்கள். உடலுழைப்பு மிகுந்த வேலைக்கு 4 முதல் 6 வாரங்கள் தேவைப்படலாம். கார் ஓட்டுவதற்கு நாள் கணக்கைவிட இரண்டு நிபந்தனைகள் முக்கியம்: மயக்கம் தரும் வலி மாத்திரைகளை நிறுத்தியிருக்க வேண்டும், ஸ்டியரிங்கை வேகமாகத் திருப்பவும் திடீர் பிரேக் போடவும் வலியில்லாமல் முடிய வேண்டும். சீட் பெல்ட் உறுத்துகிறது என்று அதைக் கழற்றிவிட்டு ஓட்டும் நிலையில் இருந்தால், நீங்கள் இன்னும் ஓட்டத் தயாராகவில்லை என்று பொருள்.

*நீச்சல் எப்போது? தழும்புக்கு என்ன பூசலாம்?*

தையல் முழுமையாக ஆறி, மருத்துவர் அனுமதித்த பின்னரே நீச்சல். பொதுவாக 6 வாரங்கள் ஆகும். தழும்பு முதல் சில மாதங்களில் சிவந்து தடிப்பது இயல்பு. அது வெளிற ஓராண்டும் அதற்கு மேலும் ஆகலாம். காயம் மூடிய பிறகு சிலிகான் ஜெல் அல்லது சிலிகான் பட்டை பயன்படும். வெயில் படாமல் காத்துக்கொள்ளுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். நிகோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிக் காயம் ஆறுவதைக் கெடுக்கும்.

*ஒரு முலைக்காம்பு மரத்துக் கிடக்கிறது. மற்றதில் துணி பட்டாலே மின்சாரம் பாய்வது போல் இருக்கிறது. வருங்காலத்தில் குழந்தைக்குப் பால் கொடுக்க முடியுமா?*

இரண்டுக்கும் காரணம் ஒன்றே: இழுபட்ட நரம்புகள் மெல்லத் தேறி வருகின்றன. பளிச்சென்று குத்தி மறையும் வலிகளும் இதைச் சேர்ந்தவையே. மென்மையான பருத்தித் துணி உறுத்தலைக் குறைக்கும். பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் உணர்வு திரும்பிவிடும், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும்; ஒரு சிலருக்கு மாற்றம் நிலைத்துவிடுவதும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டவர்களில் பலர் பால் கொடுக்கிறார்கள். மார்பகத்தின் அடி மடிப்பில் வெட்டுப் போட்டிருந்தால் பால் நாளங்கள் பெரும்பாலும் தப்பிவிடும். முலைக்காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் விளிம்பில் போட்டிருந்தால் பால் குறைய வாய்ப்பு அதிகம். எங்கே வெட்டு, தசைக்கு மேலா அடியிலா என்ற விவரங்களைப் பிரசவ மருத்துவரிடம் கர்ப்ப காலத்திலேயே சொல்லிவைத்தால், குழந்தையின் எடையை முதல் வாரங்களில் கூடுதல் கவனத்துடன் பார்த்துக்கொள்வார்கள்.

*அறுவை முடிந்து 9 ஆண்டுகள் ஆகின்றன. எந்தத் தொந்தரவும் இல்லை. 10 ஆண்டானால் மாற்றியே ஆக வேண்டுமா? கூச்சத்தால் மேமோகிராம் (மார்பக எக்ஸ்-ரே) எடுக்கும் இடத்தில் இம்ப்ளான்ட் பற்றி நான் எதுவும் சொல்வதில்லை.*

பத்தாம் ஆண்டு நிறைந்ததும் மாற்ற வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. அதே நேரத்தில், இம்ப்ளான்ட் ஆயுள் முழுவதற்குமான பொருளும் அன்று. ஆண்டுகள் கூடக்கூட இன்னோர் அறுவை தேவைப்படும் வாய்ப்பும் கூடுகிறது. உப்புநீர் இம்ப்ளான்ட் கிழிந்தால் மார்பகம் சுருங்கிவிடும் என்பதால் உடனே தெரியும். சிலிகான் ஜெல் கிழிந்தாலோ வெளியே ஒன்றும் தெரியாமல் போகலாம். இதனால்தான், தொந்தரவு இல்லாதவர்களும் 5 முதல் 6 ஆண்டுகளில் முதல் முறையும், பிறகு 2 முதல் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020இல் பரிந்துரைத்தது. உங்களுடையது சிலிகான் என்றால் அந்த ஸ்கேன் நிலுவையில் இருக்கிறது.

மார்பகம் நாளடைவில் கெட்டியாகி உருவம் மாறினால், இம்ப்ளான்ட்டைச் சுற்றி உடல் உண்டாக்கிய வடு உறை இறுகுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். பல ஆண்டுகள் கழித்து ஒரு பக்கம் திடீரென நீர் கோத்து வீங்கினால் அதைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். மேற்பரப்பு சொரசொரப்பான இம்ப்ளான்ட்களோடு தொடர்புடைய ஓர் அரிய நிணநீர்ப் புற்றுநோய் பெரும்பாலும் இப்படித்தான் முதலில் தலைகாட்டுகிறது; அந்தக் காரணத்துக்காகவே 2019இல் அத்தகைய ஒரு வகை உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. அந்த வகையே பொருத்தப்பட்டிருந்தாலும், அறிகுறி எதுவும் இல்லாதவர்கள் பயத்தால் மட்டும் அகற்றிக்கொள்ள வேண்டும் என்று பரிந்துரைக்கப்படவில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை வருத்தியது கடைசி வரிதான். இம்ப்ளான்ட், மார்பகத் திசுவின் ஒரு பகுதியைப் படத்தில் மறைத்துவிடும். முன்கூட்டியே தெரிந்தால், அதைப் பின்னுக்குத் தள்ளி, திசுவை மட்டும் முன்னால் இழுத்துக் கூடுதல் படங்கள் எடுப்பார்கள். அழுத்தத்தையும் பார்த்துக் கொடுப்பார்கள். இந்த விவரத்தை நாள்தோறும் கேட்டுப் பழகிய பணியாளர்கள் அவர்கள், அம்மா. அறுவையன்று கொடுத்த, இம்ப்ளான்ட்டின் வகையும் வரிசை எண்ணும் அச்சிட்ட அட்டையைத் தேடி எடுத்துக் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். அடுத்த முறை வாய் திறந்து சொல்லக் கூச்சமாக இருந்தால், அந்தப் படத்தைக் காட்டினாலே போதும்.