மெமரி போர்டுக்கு எந்த மாடல்? – நுகர்வோர் கேள்வி-பதில்

டிடிஆர்4 மெமரி வைத்து போர்டு வடிவமைக்கிறோம். சிப் கம்பெனியின் ஐபிஸ் ஃபைலில் (சிப்பின் பின்கள் மின்சார ரீதியில் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லும் ஃபைல்) டேட்டா பின்னுக்கு மட்டும் ஏகப்பட்ட பஃபர் மாடல்கள் (பின்னின் நடத்தை விவரங்கள்). எதை எடுப்பது?
– சிறு நிறுவனம், கே.கே. நகர்

கேட்டீர்களே, அதுவே பெரிது. பலர் எதையும் தேர்ந்தெடுக்காமல் சிமுலேஷனை (கம்ப்யூட்டரிலேயே சிக்னலைச் சோதிப்பது) ஓட்டிவிடுகிறார்கள். அப்படி விட்டால் பட்டியலில் முதலில் இருக்கும் மாடலைத்தான் மென்பொருள் எடுத்துக்கொள்ளும். திரையில் ஐ டயகிராம் (சிக்னல் தெளிவாக இருந்தால் கண்போல் விரியும் வரைபடம்) அழகாகத் திறந்திருக்கும். அது உங்கள் போர்டுடையதே அல்ல! இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றிவிட்டது.

பெயரில் 34 என்றிருந்தால் மெமரி அனுப்பும்போது 34 ஓம் டிரைவர் (சிக்னலை அனுப்பும் சுற்று). ஓடிடி60 என்றால் வாங்கும்போது 60 ஓம் டெர்மினேஷன் (சிக்னல் எதிரொலிக்காமல் தடுக்க சிப்புக்குள்ளேயே இருக்கும் மின்தடை). 2400, 3200 எல்லாம் வேகம். ரீடில் (மெமரியிலிருந்து படிக்கும்போது) மெமரிக்கு டிரைவர் மாடல், கன்ட்ரோலருக்கு (மெமரியை இயக்கும் சிப்) ஓடிடி மாடல், ரைட்டில் (எழுதும்போது) தலைகீழ். ஆகவே இரண்டையும் தனித்தனியாக ஓட்ட வேண்டும். ஃபர்ம்வேர் எழுதுபவர் மெமரியின் எம்ஆர்1, எம்ஆர்2, எம்ஆர்5 ரெஜிஸ்டர்களில் (இந்த ஓம் அளவுகளை அமைக்கும் இடங்கள்) என்ன போடுகிறாரோ அதற்கேற்ற மாடல்தான் சரி. அவர் இன்னும் முடிவு செய்யவில்லையா? 34, 48 இரண்டையும் ஓட்டிப் பார்த்து, தேறியதை அவருக்கு எழுதிக் கொடுங்கள். அப்புறம், டேட்டா மாடலை அட்ரஸ் லைனில் போடாதீர்கள். டேட்டாவின் டெர்மினேஷன் 1.2 வோல்ட்டுக்கு, அட்ரஸுடையது 0.6 வோல்ட்டுக்கு.

டிபிகல் கார்னர் (சராசரிச் சிப், வோல்டேஜ், வெப்பநிலை) மட்டும் ஓட்டினால் போதாதா?
– விளாங்குடி

போதாது. ஸ்லோ கார்னரில் டைமிங் உதைக்கும், ஃபாஸ்ட் கார்னரில் ஓவர்ஷூட் (சிக்னல் அளவை மீறிப் பாய்வது) எகிறும்.

கல்லூரி புராஜெக்டுக்காக ஆன்லைனில் ஒருவரிடம் 3,000 ரூபாய்க்கு 'மெமரி மாடல் பேக்' வாங்கினேன். திறந்தாலே எரர். பணத்தைக் கேட்டால் பதில் இல்லை.
– மாணவி, திருநகர்

உங்கள் மேல் தப்பில்லை அம்மா. மெமரி கம்பெனிகள் ஐபிஸ் ஃபைலை இலவசமாகவே தருகின்றன; சில இடங்களில் பெயரைப் பதிந்தால் போதும். அது வெறும் எழுத்து ஃபைல்தான், நோட்பேடில் திறந்து பாருங்கள். மேலே சிப் கம்பெனியின் காப்பிரைட் வரி இருந்தால், இலவசச் சரக்கைக் காசுக்கு விற்றிருக்கிறார். அந்த வரி, எரர், பணம் அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். நகரவில்லை என்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரானாலும் நீங்கள் இங்கேயே மனு போடலாம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். விடாதீர்கள்.

ஹெச்ஸ்பைஸ் (டிரான்சிஸ்டர் அளவில் சுற்றைக் கணக்கிடும் மென்பொருள்) மாடல்தான் துல்லியம் என்கிறார்கள். அதற்காக லைசென்ஸ் வாங்கலாமா?
– சிம்மக்கல்

துல்லியம்தான். ஆனால் பெரும்பாலும் பூட்டிய ஃபைலாகத் தருவார்கள், அந்த மென்பொருளில் மட்டுமே ஓடும், அதுவும் ஆமை வேகத்தில். டிடிஆர்4-க்குப் பவர்-அவேர் ஐபிஸ் (பவர் சப்ளையின் ஏற்ற இறக்கத்தையும் கணக்கில் எடுப்பது) பெரும்பாலும் போதும்; ஐபிஸ் 5.0 முதல் அந்த வசதி உண்டு. டிடிஆர்5 என்றால் மெமரிக்குள்ளேயே டிஎஃப்இ (சிதைந்த சிக்னலைச் சீராக்கும் சுற்று) இருப்பதால் ஏஎம்ஐ மாடல் (அதையும் சேர்த்துக் கணக்கிடும் ஐபிஸ் மாடல்) கேளுங்கள். வாங்குமுன் டிரையல் வாங்கி உங்கள் போர்டையே ஓட்டிப் பாருங்கள். 'வாழ்நாள் லைசென்ஸ்' என்று எனக்கு விற்ற டாங்கிள் (கம்ப்யூட்டரில் செருகும் லைசென்ஸ் சாவி) ஒன்று மேசை டிராயரில் கிடக்கிறது. அடுத்த விண்டோஸ் வந்ததும் அதன் வாழ்நாள் முடிந்தது.

100 போர்டு அடித்தாயிற்று. மெமரி சிப் மலிவாகக் கிடைத்தது, பில் இல்லை, மேலே எழுத்தும் அழிந்திருக்கிறது. எந்த மாடல் போட்டு சிமுலேட் செய்வது? சரிவராவிட்டால் வழக்குப் போடலாமா?
– ஒத்தக்கடை

தாலி கட்டிவிட்டு ஜாதகம் பார்க்கச் சொல்கிறீர்கள். பார்ட் நம்பரும் டை ரிவிஷனும் (உள்ளிருக்கும் சிலிக்கானின் பதிப்பு) தெரியாத சிப்புக்கு எந்த மாடலைப் போட்டாலும் ஊகம்தான். வியாபாரத்துக்கு வாங்கியது வணிக நோக்கம்; பிழைப்புக்கான சுயதொழில் என்று காட்டினால்தான் ஆணையம் காது கொடுக்கும், அதற்கும் பில் இல்லாமல் எதைக் காட்டுவீர்கள்? மிச்சச் சிப்புகளை ஒட்டாதீர்கள்.