தூண்டிலும் மனக்காயமும்

கேள்வி: ராணுவத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற என் அண்ணன் இரவில் சரியாக உறங்குவதில்லை. தூண்டில் போடுவது மனத்துக்கு மருந்தாகும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: வாஷிங்டனின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில், காயமுற்றுத் தேறிவந்த வீரர்களுக்காக 2005-இல் தொடங்கப்பட்ட 'ப்ராஜெக்ட் ஹீலிங் வாட்டர்ஸ்' அமைப்பு, தூண்டில் முள்ளில் இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சி போன்ற பொய் இரை கட்டவும், அதை ஓடும் நீரில் வீசவும் கட்டணமின்றிக் கற்றுத்தருகிறது. விரல்கள் நூலை இறுகச் சுற்றும்போது கவனம் அந்த நொடியிலேயே நிற்கிறது. அதைவிட, அதே துயரை அறிந்தவர்கள் அருகில் இருப்பதையே நான் பெரிதாக மதிக்கிறேன். ஆயினும் இது சிகிச்சைக்குத் துணை மட்டுமே என்பதால், அண்ணனை மனநல மருத்துவரிடம் அவசியம் அழைத்துச் செல்லுங்கள். உங்கள் ஊருக்கு அருகிலுள்ள களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் தூண்டில் போடக் கூடாது. அதற்குப் பதிலாக, பாபநாசம் படித்துறையில், பொரிக்கு மொய்க்கும் மீன்களைப் பார்த்தபடி ஒரு காலைப்பொழுது அவருடன் அமர்ந்திருங்கள்.