யாரைக் கேட்டு எழுப்பினீர்கள்?

கேள்வி: ஆடி மாதத்தில் ஒரு நாள் இரவு இரண்டு மணி. சைலன்ட்டில் வைத்திருந்த கைப்பேசி ஆலைச் சங்குபோல அலறியது. நீலகிரி மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கையாம். ரத்த அழுத்தம் உள்ள என் மனைவி பதறி எழுந்துவிட்டாள். ஜன்னலைத் திறந்து பார்த்தால் கோத்தகிரியில் தூறல்கூட இல்லை. ஆத்திரம் தாங்காமல் 112-ஐ அழைத்து, "யாரைக் கேட்டு எழுப்பினீர்கள்?" என்று ஐந்து நிமிடம் பிடிபிடி என்று பிடித்தேன். மறுநாள் பேரன் அந்த வசதியையே அணைத்துக் கொடுத்துவிட்டான். வரி கட்டுகிறவன் தூக்கத்துக்கு ஒரு மதிப்பும் கிடையாதா? இந்தச் செய்திகளைப் பகலில் அனுப்பக் கூடாதா? அணைக்கும் முறையை மற்ற வாசகர்களும் அறிய உங்கள் இதழில் வெளியிடுவீர்களா?

— கோத்தகிரி வாசகர் ஒருவர் (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

பதில்: பெயர் வேண்டாம் என்றது நல்ல யோசனை.

உங்கள் பக்கம் இருக்கும் நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த அலறல் நமக்கு அறிமுகமான விதமே கோணல். 2023-ல் மாநிலம் மாநிலமாகச் சோதனை நடத்தினார்கள். கடைத்தெருவில், பஸ்ஸில், வகுப்பறையில் எல்லாக் கைப்பேசிகளும் ஒரே நேரத்தில் கத்தின. எடுத்துப் பார்த்தால், இது சோதனைச் செய்தி, பொருட்படுத்த வேண்டாம், நீங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை என்று இருந்தது. சோதனைக்கு வேறு எப்படி எழுத முடியும்? ஆனாலும் அந்தச் சத்தத்தோடு சேர்ந்து நம் மனத்தில் முதலில் பதிந்த பாடம் 'கண்டுகொள்ளாதே' என்பதுதான். அதற்கு மேல் குறுஞ்செய்திகள் வேறு. 'ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை.' மலையில் எந்த நாளில் ஓரிரு இடங்களில் மழை இல்லை? பூசாரி நாள் முழுக்க மணி அடித்துக்கொண்டே இருந்தால் தீபாராதனை எப்போது என்று யாருக்குத் தெரியும்?

இனி, கோத்தகிரியில் தூறல்கூட இல்லை என்ற புகார். உங்கள் கடிதம் வந்ததும் பந்தலூர்ப் பக்கம் சேரம்பாடியில் உள்ள நம் நிருபரைக் கேட்டேன். அன்று இரவு அவர் வீட்டில் யாரும் படுக்கவே இல்லையாம். கூரையிலிருந்து ஒழுகிய தண்ணீருக்குப் பாத்திரம் போதவில்லை, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியிருக்கிறார். அதே மாவட்டம், அதே இரவு.

வருவாய்த் துறைக்கு நீலகிரி ஒரே மாவட்டம். மழைக்கு அது இரண்டு மாவட்டம். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குக் காற்று கொண்டுவருவதைக் கூடலூரும் பந்தலூரும் அப்பர்பவானியும் அவலாஞ்சியும் வாங்கிக்கொள்கின்றன. நடுவில் தொட்டபெட்டா மதில்போல நிற்பதால் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வெறும் காற்றும் மேகமூட்டமும்தான். ஐப்பசி பிறந்தால் காற்று திசை மாறும், கதையும் மாறும். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 செ.மீ. கொட்டியது. சென்னை ஓர் ஆண்டு முழுக்கப் பெறும் மழையில் மூன்றில் இரண்டு பங்கு அது. அன்றைக்கும் கோத்தகிரியில் யாரோ ஒருவர் எச்சரிக்கையைப் பார்த்துச் சிரித்திருப்பார். சரி, 2009 நவம்பர் 10? கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. குன்னூர், கேத்திப் பக்கத்து மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த முறை சிரிக்கும் வாய்ப்பு கூடலூருக்கு. 20 செ.மீ.க்கு மேல் பெய்யும் என்றால்தான் சிவப்பு என்பது கணக்கு. அவலாஞ்சியும் கேத்தியும் கண்டது அதைப்போல நான்கு மடங்குக்கும் மேல்.

ஆகவே உங்களுக்கு வந்த எச்சரிக்கை பொய்யில்லை. முகவரிதான் தவறு. அந்த முகவரியைத் தவறாக எழுதியவர்களை நானும் விடுவதாக இல்லை. இந்த அலறல் எச்சரிக்கையை அனுப்ப யாருடைய எண்ணும் தேவையில்லை. கைப்பேசிக் கோபுரம் செய்தியை ஒலிபரப்பும், அதன் வீச்சுக்குள் இருக்கும் எல்லாக் கைப்பேசிகளும் வாங்கிக்கொள்ளும். லட்சம் பேருக்குத் தனித்தனியாகக் குறுஞ்செய்தி அனுப்பும்போது ஏற்படும் நெரிசல் இதில் இல்லை. எந்தப் பகுதிக் கோபுரங்கள் என்று தேர்ந்தெடுத்து அனுப்பவும் முடியும். சேரம்பாடிக்கு மட்டும் சொல்லலாம் என்று இருக்கும்போது முழு மாவட்டத்தையும் ஏன் எழுப்ப வேண்டும்? மலையில் ஒரு சிக்கல் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். சரிவில் இருக்கும் வீடு எந்தக் கோபுரத்தைப் பிடிக்கும் என்பது மலைக்குத்தான் வெளிச்சம். எதிரே தெரிகிற மேட்டுப்பாளையத்தையும் பிடிக்கலாம், கேரள எல்லையோர ஊரான எருமாட்டில் இருந்தால் கேரளத்தையும் பிடிக்கலாம். அதற்காக முயற்சியே வேண்டாம் என்பதா? இந்த மாவட்டத்தில் 283 இடங்கள் அபாயமானவை என்று பட்டியல் போட்டு ஆண்டுதோறும் செய்தியாளர்களிடம் சொல்கிறார்கள். நிலச்சரிவுக்குச் சோதனை முறையில் முன்னறிவிப்பு தர இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்களில் டார்ஜிலிங்கோடு நீலகிரியும் ஒன்று. இத்தனையையும் கையில் வைத்துக்கொண்டு 'நீலகிரி மாவட்டம்' என்ற இரண்டே சொல்லில் செய்தியை முடிப்பது சோம்பல்.

பக்கத்து மலையைப் பாருங்கள். வால்பாறையில் பல ஆண்டுகளாக யானை நடமாட்டத்தைக் கைப்பேசியில் சொல்கிறார்கள். இன்ன எஸ்டேட், இன்ன இடம் என்று ஊர்ப்பெயரோடு போகும். யானை அருகில் நின்றால் சாலையோரக் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரியும். அதை யாரும் தொந்தரவு என்று திட்டியதாக நான் கேள்விப்படவில்லை. எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடான நம் லயனுக்குப் பின்னால் யானை நிற்கிறது என்று சொன்னால் எவருக்குத்தான் தூக்கம் பெரிதாகப்படும்?

உங்களுக்காக வாதாடியது இவ்வளவுதான். இனி 112-க்கு வருவோம்.

காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் பொதுவான எண் அது. எச்சரிக்கையை அனுப்பியது அங்கே உட்கார்ந்திருந்த பெண் இல்லை. தீ விபத்து என்று அழைப்பவருக்கும் நெஞ்சுவலி என்று அழைப்பவருக்கும் பதில் சொல்வதற்காக அவர் இரவு இரண்டு மணிக்கு விழித்திருக்கிறார். அவரிடம் ஐந்து நிமிடம் பேசியதைச் சாதனைபோல எழுதியிருக்கிறீர்கள். வரி கட்டுகிறவன் என்கிறீர்களே, அந்த ஐந்து நிமிடம் காத்துக் கிடந்தவரும் வரி கட்டியவர்தானே?

ஒருவர் பேசினால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினால் என்ன ஆகும் என்பதற்கு ஹவாய் இருக்கிறது. 2018 ஜனவரி 13 காலையில் ஏவுகணை வருகிறது என்று அங்கே எல்லாக் கைப்பேசிக்கும் தவறான எச்சரிக்கை போய்விட்டது. தவறு என்று மறுசெய்தி அனுப்ப 38 நிமிடம் ஆனது. அந்த நேரத்தில் ஊரே அவசர எண்ணை மொய்த்ததில் பல அழைப்புகள் உள்ளேயே போகவில்லை. அன்று மெய்யாகவே மாரடைப்பு வந்தவரும் அதே எண்ணைத்தான் அழைத்திருப்பார். அவர்களாவது உயிர்ப் பயத்தில் அழைத்தார்கள். உங்களுக்கு வந்தது தூக்கக் கோபம்.

மலையில் ஓர் அவசர அழைப்பு எப்படிப் போகிறது என்று யோசித்துப் பாருங்கள். 108-ஐ அழைத்தால் எடுப்பவர் சென்னையில் இருக்கிறார். 'மூன்றாம் டிவிஷன், பழைய ஃபேக்டரிக்குக் கீழே லயன்' என்றால் அவருக்கு என்ன விளங்கும்? எந்த ஊர், எந்தத் தாலுகா, பஸ் எதுவரை வரும் என்று கேட்டுக் கேட்டு இடத்தைப் பிடிக்க வேண்டும். எல்லையில் பக்கத்து மாநிலக் கோபுரத்தைப் பிடித்துவிட்டால் அழைப்பு வேறு மாநிலத்துக்கே போய்விடக்கூடும். அதற்குள் கைப்பேசியில் சிக்னல் போய்விடும். பிறகுதான் வண்டி கிளம்ப வேண்டும், வளைவு வளைவாக இறங்கவோ ஏறவோ வேண்டும். சமவெளியில் ஒரு வண்டி வேலையில் இருந்தால் பக்கத்து ஊரிலிருந்து இன்னொன்று ஓடிவரும். மலைக்கோடியில் இருக்கும் கிண்ணக்கொரைக்கு எங்கிருந்து ஓடிவரும்?

உங்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை. மாமியாரை ஊட்டிக்குக் கண் பரிசோதனைக்கு அழைத்துப்போக 108-ஐக் கேட்டு, மறுத்ததும் "இலவசம் என்று விளம்பரம் மட்டும் செய்கிறார்கள்" என்று கோபித்துக்கொண்ட உறவினர் என் வீட்டிலேயே உண்டு. தீபாவளிக்கு வந்திருந்தபோது மீண்டும் சொல்லிக் காட்டினார்.

தெரியாமல் போகிற அழைப்புகள் தனிக் கணக்கு. 2017 முதல் விற்கும் கைப்பேசிகளில் ஆபத்துக்கால அழைப்புக்கு வழி இருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. பொத்தான் போனில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடிப்பது, ஸ்மார்ட்போனில் பவர் பொத்தானை அடுத்தடுத்து மூன்று முறை அழுத்துவது என்று வகுத்தார்கள். பெண்களின் பாதுகாப்புக்காக வந்த நல்ல ஏற்பாடு. நாமோ ஸ்வெட்டருக்கு மேல் ஜெர்கின் போட்டு, உள்பையில் கைப்பேசியைத் திணித்து, நிற்க இடமில்லாத பஸ்ஸில் ஏறுகிறவர்கள். பொத்தான் தானாக அழுந்தும். அப்படிப் போய்விட்டால் பயந்து துண்டிக்காதீர்கள். "தவறுதலாக வந்துவிட்டது, ஆபத்து ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டு வையுங்கள். சொல்லாமல் வைத்தால், யாரோ பேச முடியாத நிலையில் இருக்கிறாரோ என்று அவர்கள்தான் திரும்ப அழைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

பகலில் அனுப்பக் கூடாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் மலை சரிந்து இறங்கியது நள்ளிரவுக்குப் பிறகு, ஊர் அடங்கிக் கிடந்த நேரத்தில். அது கேரளத்துச் செய்தி என்று நாம் செய்தித்தாளை மடித்துவைக்கலாம். பந்தலூர்க்காரருக்கு அது மலைக்கு அந்தப் பக்கம், பெண் கொடுத்து எடுத்த ஊர். இரவு இரண்டு மணிக்கு யாராவது எழுப்பியிருக்கக் கூடாதா என்றுதான் அங்கே கேட்டார்கள்.

ஆகையால், அணைக்கும் முறையை வெளியிட மாட்டோம். தாலுகா வாரியாக, முடிந்தால் ஊர் வாரியாக எச்சரிக்கை வேண்டும் என்று ஒரு மனு எழுதுங்கள். திங்கட்கிழமை ஊட்டி ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும், கொண்டுபோய்க் கொடுங்கள். ஒரு நகலை எங்களுக்கு அனுப்பினால் ஒரு வரியும் வெட்டாமல் அச்சிடுகிறேன். பெயர் போடத்தான் வேண்டியிருக்கும். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. மண் சரிந்தால், மரம் விழுந்தால், வீட்டுக்குப் பின்னால் மண்மேட்டில் விரிசல் கண்டால் அதற்கு அழைக்கலாம். மனைவியின் பதற்றத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். கைப்பேசியைத் தலைமாட்டில் வைக்காமல் கூடத்தில் வையுங்கள். அங்கிருந்து அலறினாலும் உங்களுக்குக் கேட்கும்.

ஆடியில் வந்தது பந்தலூரின் மழை. ஐப்பசியில் வரப்போவது உங்களுடையது. பேரன் விடுமுறை முடிந்து ஊருக்குக் கிளம்புவதற்குள் கைப்பேசியை அவனிடமே கொடுத்து, அணைத்ததை மறுபடி போட்டுத் தரச் சொல்லுங்கள்.